முர்டீனாவின் கணியம்

ராஸ் கோவ், கேப் பிரெட்டன்
17 மே 1973

ஈவன்,

கத்தாதே. நீ கத்துறது ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியிலேருந்து இங்க வரைக்கும் கேக்குது. பக்கத்துக் கட்டில்காரங்க பாவம். ஆமா, படகை நான்தான் எடுத்தேன். உன் தம்பி ஹெக்டர் போன் பண்ணி உன் காதுல ஓதியிருப்பான். இப்ப நான் சொல்றதையும் கேளு.

செவ்வாக்கிழமை விடியக்காலைல சிங்கி இறால் சீசன் திறந்துச்சு. எல்லாப் படகும் இறால் பிடிக்கிற கூடுகளை அடுக்கிக்கிட்டு உறுமிக்கிட்டு நிக்குது. ஹெக்டர் நம்ம படகுகிட்ட வந்து, "சாவியைக் குடு அண்ணி, உங்க கூடுகளையும் நானே போட்டுட்டு வந்துடறேன்"னு கையை நீட்டினான். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

"விளையாடாத அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ அந்தக் கயித்தை அவுத்து விடு."

அவுக்கல. துறையில நின்ன ஒருத்தனும் அவுக்கல. எதிர்வீட்டு பெக்கிதான் தொபுக்குன்னு குதிச்சு அவுத்துட்டு மறுபடி ஏறினா. அவதான் எனக்குக் கூட்டு. மீன் ஷெட்டுல இத்தனை வருஷம் கத்தி பிடிச்ச கை, இரை வெட்டுறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. வாய்தான் அடங்காது. படகுல பன்னின்னு சொன்னா ஆகாதுன்னு உலகத்துக்கே தெரியும். துறை வாயைத் தாண்டறதுக்குள்ள, "என்னடி இது, பன்னித் தொட்டி மாதிரி நாறுது"ன்னு கத்திட்டா. நான் என்ன பண்ண? தோஷம் கழியட்டும்னு படகைச் சூரியன் போற பக்கமா ஒரு சுத்து சுத்தி, மறுபடி முதல்லேருந்து கிளம்பினேன். பின்னால இருந்த படகுங்கள்ல ஒரே சிரிப்பு.

மீன்வளத்துறை ஆபீசர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டேன். இந்த சீசன் உன் லைசென்ஸ்ல நான் பிடிக்கலாம். அதுக்கப்புறம் நீ கடலுக்குத் திரும்பலன்னா யார் பேருக்காவது மாத்தி எழுதித் தரணும், இல்லன்னா போச்சு. இந்தக் குடாவுல எந்தப் பொம்பளை பேர்லயும் லைசென்ஸ் இருந்ததில்லன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். இருக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கான்னு கேட்டேன். சிரிப்பை நிறுத்திட்டு பேனாவைத் தேடினார்.

சுத்தி வளைக்கல, ஈவன். எனக்கு அந்த லைசென்ஸ் வேணும். உன் கால் சரியாகிற வரைக்கும் இரவலா இல்ல, என் பேர்ல. கல்யாணம் ஆனதுலேருந்து கூட்டுக்கு வலை பின்னினது நான், கயிறு முறுக்கினது நான், மிதவைக்கு வெள்ளையும் பச்சையும் அடிச்சது நான். கடலுக்குப் போறது மட்டும் நீ. நீ வந்தாலும் படகுல ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.

கால்ல கட்டித் தொங்கவிட்ட எடை அப்படியேதான் இருக்கா? ஏப்ரல்ல கரையில ஏத்தி வச்சிருந்த படகு தாங்குகட்டையிலேருந்து சரிஞ்சு உன் மேல விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வலிக்குதான்னு ஒளிக்காம எழுது.

முர்டீனா

*

ஹாலிஃபாக்ஸ்
24 மே

முர்டீனா,

மல்லாக்கப் படுத்துக்கிட்டு எழுதறேன், பேனாவுல மை இறங்க மாட்டேங்குது. அதனால சுருக்கமாச் சொல்றேன். படகை ஹெக்டர்கிட்ட குடு.

கடல் உன் சமையக்கட்டு இல்ல. அடுப்பை அணைச்சுட்டு வெளிய வர்ற மாதிரி அதுலேருந்து வர முடியாது. போன வாரம் வடகிழக்குக் காத்து அடிச்சுதே, அப்ப நீ எங்க இருந்தே? இங்க ஜன்னல் கண்ணாடி நடுங்கிச்சு. நான் கையை விரிச்சுக்கிட்டு, கால் கயித்துல தொங்க, கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். சுவத்தை இடிக்கணும் போல இருந்துச்சு.

இந்த வார்டுல லூனன்பர்க்காரன் ஒருத்தன் இருக்கான். "என்னப்பா, பொண்டாட்டி கடல்ல, புருஷன் கட்டில்லயா? பேறுகாலம் எப்போ?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நர்ஸும் சேந்து. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

ஆகஸ்டுல எழுந்துடுவேன்னு டாக்டர் சொல்றார். அது வரைக்கும் லைசென்ஸ் ஹெக்டர் பேர்ல இருக்கட்டும். அவன் என் கூடப் பிறந்தவன், திருப்பித் தந்துடுவான். உன் பேர்ல எழுதினா நான் செத்துட்டேன்னு ஊர் நினைக்கும்.

நீ கேக்க மாட்டே. கேக்காட்டியும் இதையாவது செய். கூடு தண்ணில இறங்கும்போது கயித்துச் சுருளுக்குள்ள காலை வைக்காதே. ஒரு தடவை சுத்திச்சுன்னா அதோட சரி, பெக்கியால உன்னை இழுக்க முடியாது. எஞ்சின் இருமினா டீசல் வடிகட்டியைப் பாரு. மூடுபனின்னா கிளம்பவே கிளம்பாதே. நம்ம கூடுங்களை என் பழைய இடத்துலயே போடு. எங்கன்னு உனக்குத் தெரியும், இங்க எழுத மாட்டேன். போஸ்ட் ஆபீஸ் டீனா எல்லாக் கடுதாசியையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பா.

ஈவன்

*

ராஸ் கோவ்
3 ஜூன், ஞாயிறு

ஈவன்,

ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது, அதனால உக்காந்து எழுதறேன். உக்காரவும் முடியல. எழுந்து ஜன்னலுக்குப் போறேன், தண்ணியைப் பாக்கறேன், திரும்பி வர்றேன்.

போன திங்கக்கிழமை உன் பழைய இடத்துக்குப் போனோம். நம்ம மிதவைக் கயித்துல முடிச்சு போட்டிருந்துச்சு. ஒண்ணுல இல்ல, அந்த வரிசை பூராவும். முடிச்சுன்னா என்னன்னு பெக்கிக்குக்கூடத் தெரியும். இங்கேருந்து போயிடு, அடுத்த தடவை முடிச்சோட விட மாட்டோம். உன் இடத்துல, உன் கூட்டுல, உன் கயித்துலயே போட்டிருக்கானுங்க. நீ வந்தா அது உன் இடம். நான் வந்தா யாருமில்லாத இடமாம்.

நான் முடிச்சை அவுத்துட்டு அங்கேயே மறுபடி போட்டேன். புதன்கிழமை போனா மிதவையே இல்ல. அறுத்துட்டானுங்க. நான் குளிர்காலம் பூரா அடுப்போரமா உக்காந்து பின்னின கூடுங்க அடியில கிடக்கு, எடுக்க வழியில்ல. பெக்கி அழுதா. நான் அழல, வாய்க்கு வந்தபடி திட்டினேன். நம்ம பாதிரியார் கேட்டிருந்தா என்னைச் சர்ச்சுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார்.

துறைக்குத் திரும்பினா ஹெக்டர் பீப்பாய் மேல உக்காந்துக்கிட்டு, "அப்பவே சொன்னேன்ல அண்ணி"ங்கிறான். அவன்தான் அறுத்தான்னு நான் சொல்லல. அவன் கத்தி புதுசாத் தீட்டியிருந்துச்சு, அவ்வளவுதான் சொல்றேன்.

மிச்சக் கூடுகளை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன். எல்லாரும் போற எல்லையைத் தாண்டி. அடியில ஒண்ணுமில்ல, வெறும் சேறுதான்னு நீ சொல்லுவியே, அந்தப் பக்கம். ஈயக் குண்டைக் கயித்துல கட்டி இறக்கி இறக்கிப் பாத்தேன். குண்டுக்கு அடியில சோப்பு தடவி விட்டா அடியில என்ன இருக்கோ அது ஒட்டிக்கிட்டு வரும். சேறு, சேறு, சேறு. அப்புறம் ஒரு இடத்துல ஒண்ணுமே ஒட்டல, குண்டு டங்குன்னு இடிச்சுது. பாறை! சேத்துக்கு நடுவுல ஒரு பாறைமேடு. அதைச் சுத்திக் கூடுகளை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை தூக்கினோம், ஈவன். சிங்கி இறால் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு வருது, கரும்பச்சை, என் முழங்கை நீளம். சினை உள்ளதையெல்லாம் திருப்பி விட்டோம், அப்படியும் பெட்டி பத்தல. பெக்கி தன் கோட்டைக் கழட்டி அதுல கட்டினா. வியாபாரி எடை போடும்போது துறையே சுத்தி வந்து நின்னுச்சு. "எங்க பிடிச்சே?"ன்னு ஒருத்தன் கேட்டான். இந்த மூணு வாரத்துல அவன் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான். "கடல்ல"ன்னேன்.

முர்டீனா

*

ஹாலிஃபாக்ஸ்
8 ஜூன்

அடியே முர்டீனா,

எங்கடி?

லூனன்பர்க்காரன்கிட்ட உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். "சோப்பா?"ன்னு கேட்டான். அப்புறம் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னான். அது எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன்.

ஆனா எங்க? கரையில எதை எதை அடையாளமா வச்சே, என்ன கணியம்? கிழக்குலயா? முயல் தீவுக்கு அந்தாண்டையா? அங்க நான் குண்டு போட்டுப் பாத்திருக்கேன், ஒண்ணும் கிடையாது. தெக்க போனியா? தெக்க நீரோட்டம் இழுக்கும், போயிருக்க மாட்டே. ராத்திரி பகல்னு இல்லாம இதே நினைப்பா இருக்கு. நர்ஸ் வந்து தூக்க மாத்திரை வேணுமான்னு கேக்கறா. கணியம் வேணும்னேன். அது என்ன மருந்துன்னு கேட்டா.

நான் உன் புருஷன். டீனா படிச்சுடுவாளேன்னு பயந்தா மீன் லாரிக்காரன்கிட்ட குடுத்து விடு. கணியத்தை மட்டும் எழுது, வேற ஒண்ணும் வேண்டாம்.

ஹெக்டர் கூடு அறுக்கற ஆள் இல்ல. அவன் என் தம்பி.

ஈவன்

*

ராஸ் கோவ்
12 ஜூன்

என் அருமைப் புருஷா,

மாட்டேன்.

கல்யாணமான புதுசுல, எங்க பிடிச்சேன்னு ஆசையா ஒரு நாள் கேட்டேன். "தண்ணிலதான்"னு சொல்லிட்டுக் குறட்டை விட்டே. அப்புறம், கணியத்தைப் பெத்த அம்மாகிட்டகூட சொல்லக்கூடாது, சொன்னா அது கணியமே இல்லன்னு பெரிய பாடம் எடுத்தே. கரையில எதுக்குப் பின்னால எது தெரியுது, எதுக்கு மேல எது நிக்குதுன்னு ரெண்டு கோடு பிடிச்சு, அது ரெண்டும் சந்திக்கிற இடத்தை மனசுல பூட்டி வைக்கிறவன்தான் மீன்காரன்னே. சரி. இப்ப எனக்கும் ரெண்டு கோடு இருக்கு. பூட்டியாச்சு.

கோவிச்சுக்காதே. நான் சந்தோஷமா இருக்கேன், அதனாலதான் இப்படி வாயாடறேன். நேத்து வேலை முடிஞ்சு எஞ்சினை நிறுத்திட்டு அங்கேயே டீ குடிச்சோம். ஓட்ஸ் ரொட்டியும் உப்புக் கண்டமும். காத்தே இல்ல. சர்ச் கோபுரம் காக்கைப் பாறைக்குப் பின்னாலேருந்து மூக்கை நீட்டுது. பெக்கி ஊரைப் பாத்துட்டு, "அங்க பாருடி, கலங்கரை விளக்கம் உன் கோழிக்கூண்டைத் தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு நிக்குது"ங்கிறா. சிரிச்சு சிரிச்சு டீயைக் கொட்டிக்கிட்டேன். அந்தப் பொம்பளை இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல.

இப்ப நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. முதல் கடுதாசில ஹெக்டர் பேருக்குன்னே, ரெண்டாவதுல அந்தப் பேச்சையே எடுக்கல. லைசென்ஸை என் பேர்ல எழுதுவியா, மாட்டியா? ஜூலை பதினாலோட சீசன் முடியுது. இதுல ஜெயிக்கணும்னு எனக்கு எவ்வளவு வெறியா இருக்குன்னு எனக்கே பயமா இருக்கு.

முர்டீனா

*

ஹாலிஃபாக்ஸ்
18 ஜூன்

முர்டி!

கண்டுபிடிச்சுட்டேன்! நீயே சொல்லிட்டே, கழுதை! கோபுரம் பாறைக்குப் பின்னால ஒண்ணு, கோழிக்கூண்டு கலங்கரை விளக்கத்துக்கு மேல ஒண்ணு. ரெண்டு கோடு. கண்ணை மூடிக்கிட்டு கூரையில கோடு இழுத்துப் பாத்தேன், படக்குனு விழுந்துச்சு. அந்த இடத்து மேல நான் எத்தனை தடவை படகை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன்! ஒரு தடவை நின்னு பாக்கல. ஆனந்தத்துல கத்தினேன், நர்ஸ் ஓடி வந்தா.

எவ்வளவோ நாளைக்கப்புறம் நேத்துதான் நல்லாத் தூங்கினேன். ஹெக்டரும் நேத்து வந்திருந்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டுட்டு அண்ணனைப் பாக்க வந்திருக்கான் பாரு. கொஞ்ச நேரம் பழைய மாதிரி கடலைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.

லைசென்ஸ் விஷயம் அப்புறம் பேசலாம். இப்ப என்ன அவசரம்.

ஈவன்

*

ராஸ் கோவ்
23 ஜூன்

ஈவன்,

சொல்லிட்டே.

வியாழக்கிழமை காலைல போறேன், என் வெள்ளை-பச்சை மிதவைங்களைச் சுத்தி ஆரஞ்சு மிதவையா மிதக்குது. ஹெக்டரோடது. என் கயித்து மேல அவன் கயிறு, என் கூட்டு மேல அவன் கூடு. குண்டு இறக்கினது நான், அலைஞ்சது நான். அவன் நேரா வந்து போட்டுட்டுப் போயிருக்கான். அந்தக் கோடு ரெண்டும் என் தலையிலயும் பெக்கி தலையிலயும் மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் உன் தலையில.

கூட்டை அறுத்தப்ப வந்த கோவம் வேற. அது வெளியாள் பண்ற வேலை. இது நீ. உனக்கு எழுதற கடுதாசில மனசு லேசாகி நான் சிரிச்ச சிரிப்பை எடுத்து அவன் கையில குடுத்துட்டே. அவன் பக்கத்துல உக்காந்ததும் உனக்கு இனிச்சுடுச்சு, இல்ல?

என்ன பண்ணினேன்னு கேட்டுக்கோ. பெக்கி கத்தியை எடுத்தா. வேண்டாம்னேன். அறுக்கறது திருட்டுத்தனம். நேத்து விடிஞ்சு வெளிச்சம் வந்து எல்லாப் படகும் கடல்ல இருக்கிற நேரம் பாத்துப் போனேன். ஹெக்டரோட மிதவை ஒவ்வொண்ணையும் தூக்கி, ஒவ்வொண்ணுலயும் முடிச்சு போட்டேன். நிதானமா. அவனும் பாத்துக்கிட்டிருந்தான். "என்ன அண்ணி இது!"ன்னு கத்தினான். "முடிச்சு. தெரியாதா உனக்கு?"ன்னேன். முடிச்செல்லாம் இறுக்கமாத்தான் விழுந்துச்சு.

அவன் போவானா, என் மிச்சக் கூடுகளையும் அறுப்பானான்னு தெரியல. உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு எழுதாதே.

முர்டீனா மக்காஸ்கில்

*

ஹாலிஃபாக்ஸ்
30 ஜூன்

முர்டீனா,

எழுதாதேன்னே. எழுதறேன். அவன் போனானா? கூடு இருக்கா? ஹெக்டருக்கு போன் பண்ணச் சொன்னேன், எடுக்க மாட்டேங்கிறான். ஒரு வரி போதும்.

ஈவன்

*

ஹாலிஃபாக்ஸ்
7 ஜூலை

முர்டி,

எடையை எடுத்துட்டாங்க. ரெண்டு கம்பு குடுத்து, கட்டிலைச் சுத்தி நடன்னாங்க. நடந்தேன். அவ்வளவுதான் நடப்பேன். இதுக்கு மேல வராது.

ஆகஸ்டுன்னு டாக்டர் சொல்லவே இல்ல. மே மாசமே சொல்லிட்டாங்க, இடுப்பு எலும்பு சேராது, ஆடுற படகுல நிக்கறது இனிமே கிடையாதுன்னு. உன் முதல் கடுதாசி வர்றதுக்கு முந்தின நாள். நான் சொல்லல. நீ படகை எடுத்தேன்னு எழுதியிருந்தே. உனக்குக் கடல் கிடைச்ச வாரமும் எனக்கு அது பறிபோன வாரமும் ஒண்ணுதான்னு உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஹெக்டர்கிட்ட இருந்தா, ஆகஸ்டுல வாங்கிக்கலாம்னு எனக்கு நானே கதை சொல்லிக்கலாம். உன்கிட்ட இருந்தா கதை முடிஞ்சுது.

அன்னிக்கு ஹெக்டர் வந்து கட்டிலோரம் உக்காந்து, "பாவம் அண்ணே நீ"ங்கிற மாதிரி பாத்தான். எனக்குப் பொறுக்கல. எனக்கு ஒண்ணு தெரியும், உனக்குத் தெரியாதுடான்னு காட்டணும் போல இருந்துச்சு. வாயைத் திறந்தேன். சொல்லி முடிச்சதும் அவன் தொப்பியை எடுத்துக்கிட்டு எழுந்துட்டான். அப்பவே நான் என்ன பண்ணிட்டேன்னு தெரிஞ்சுடுச்சு. வெக்கமா இருக்கு, முர்டி. ரொம்ப வெக்கமா இருக்கு.

உறைக்குள்ள லைசென்ஸ் மாத்துற தாள் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டேன். லூனன்பர்க்காரன்தான் சாட்சி. "போடுய்யா, இல்லன்னா நானே அவளுக்கு என்னோடதை எழுதிக் குடுத்துடுவேன்"னான்.

ஈவன்

*

ராஸ் கோவ்
15 ஜூலை, ஞாயிறு

ஈவன்,

நேத்தோட சீசன் முடிஞ்சுது. கூடெல்லாம் கரையேறிடுச்சு. கை ரெண்டும் வீங்கிப் போய்க் கிடக்கு, எழுத்து கோணலாத்தான் வரும்.

முதல்ல ஹெக்டர் சமாச்சாரம். முடிச்சு போட்ட அன்னிக்கு சாயங்காலம் துறையில குதிச்சான். "எங்க அண்ணனே சொன்ன இடம், எனக்கும் உரிமை இருக்கு"ன்னான். அப்புறம், சீசன் திறந்த அன்னிக்கு என் கயித்தை அவுக்காம வேடிக்கை பாத்த கிழவன் ஒருத்தன், வலைக்குப் பின்னாலேருந்து தலையைத் தூக்காம, "கண்டுபிடிச்சது அவ. முடிச்சும் போட்டுட்டா. இன்னும் என்னடா"ன்னான். ஹெக்டர் மறுநாள் தன் கூடுகளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நான் துறைக்குள்ள வரும்போது என் கயித்தைப் பிடிச்சுக் கட்ட யாராவது ஒருத்தன் நிக்கிறான். சிரிக்கறதில்ல, பேசறதில்ல. பிடிச்சுக் கட்டுறான். அது போதும் எனக்கு.

உன் மேல கோவம் போகல. போகும்னும் இன்னிக்குச் சொல்ல முடியாது. ஆனா உன் கடுதாசியைப் படிச்சுட்டு, படகுல பெக்கிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அழுதேன். நான் பனியில போனேன், காத்துல போனேன், அறுத்த கயித்தைப் பாத்தேன். இதைச் சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நினைச்சா ரெண்டு மாசம் தனியா அதைச் சுமந்துக்கிட்டுக் கிடந்தே, முட்டாள்? நீ நடக்கலன்னா என்ன, நான் உன்னைப் படகுல கட்டி வச்சு ஓட்ட மாட்டேனா? ஆட்டத்துல நிக்க முடியாதவன் உக்காந்து சுக்கான் பிடிக்கட்டுமே.

இப்ப அந்தத் தாள். வெள்ளிக்கிழமை ஆபீசர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். பெக்கியும் வந்தா, நல்ல தொப்பி போட்டுக்கிட்டு. அவர் விரிச்சுப் படிச்சார், உரக்க. "லைசென்ஸ் பெறுபவர், திருமதி ஈவன் மக்காஸ்கில்." பாதிரியார் கூப்பிடற மாதிரி, கல்யாணப் பத்திரிகையில போடற மாதிரி, நீ பழக்கத்துல எழுதிட்டே, எனக்குப் புரியுது. அவரும், "எல்லாம் சரியா இருக்கும்மா"ன்னு முத்திரையை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். பெக்கி என் முழங்கையைப் பிடிச்சு இழுத்தா. இத்தனை பாடுபட்டு வாங்கினதை வேண்டாங்கிறாளேன்னு. வேண்டாம்னுதான் திருப்பி வாங்கிக்கிட்டு வந்தேன், ஈவன். திருமதி ஈவன்னு ஒருத்தி ஒரு நாளும் கடலுக்குப் போனதில்ல. கூடு அறுபட்டது அவளுக்கு இல்ல, அந்த முடிச்சைப் போட்டதும் அவ இல்ல. போனது நான்.

வியாழக்கிழமை மீன் லாரியில ஹாலிஃபாக்ஸ் வர்றேன். புதுத் தாள் வாங்கி வச்சிருக்கேன். முர்டீனா மக்காஸ்கில்னு உன் கையால எழுதணும், நான் பக்கத்துல நின்னு பாக்கணும். எழுதி முடிச்சதும் அதே லாரியில உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரப் போறேன். டாக்டரை நான் பாத்துக்கறேன். நீ கால்சட்டையை மாட்டிக்கிட்டு, தலையை வாரிக்கிட்டு தயாரா உக்காந்திரு.

முர்டீனா